தண்ணில ஊறுனாலும் விடாத பசை, செடி கொடிலருந்து

மாவுப் பசை எல்லாருக்கும் தெரியும், மைதாவ தண்ணில கட்டி இல்லாம கரைச்சு அடுப்புல வெச்சு கிண்டுனா அஞ்சு நிமிஷத்துல ரெடி, பேப்பர் ஒட்டுறதுக்கு இத விட சுத்தமான பொருள் இல்லன்னு இப்பவும் சொல்வேன். ஆனா ஈரம் பட்டா போச்சு. நாத்து விடுறதுக்கு மெல்லிசு பலகைய வெட்டி சின்ன சின்ன பெட்டியா செஞ்சு, மேல செடி பேர் எழுதுன பேப்பரும் ஒட்டி வெச்சிருந்தேன், எல்லாத்துக்கும் மாவுப் பசை தான், தண்ணி ஊத்துன அன்னிக்கு சாயங்காலமே பேப்பர் வழுக்கிட்டு கீழ வந்துருச்சு, மூணாம் நாள் பெட்டியோட மூலை வாயப் பிளந்துருச்சு. அன்னிக்கு ஆரம்பிச்சேன், எட்டு மாசமா இதே வேலை தான்.

வாட்டர்ப்ரூஃப் பசை தான் விக்குதே, எதுக்கு இவ்ளோ பாடுன்னு கேப்பீங்க. தண்ணிக்கு நிக்கிற மரப் பசைங்கள்ல பல, ஃபார்மால்டிஹைடுங்கிற ரசாயனம் வெச்சு செஞ்சது. அது மனுஷனுக்கு புற்றுநோய் உண்டாக்கும்னு உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004லயே உறுதியா சொல்லிருச்சு. சாப்பிடுற கீரைக்கு நாத்து விடுற பெட்டில அது வேண்டாம்னு எனக்கு தோணுச்சு, அவ்ளோ தான்.

முதல்ல மாவுப் பசை ஏன் கரையுதுன்னு புரிஞ்சிக்கணும். மாவுல இருக்கிற ஸ்டார்ச்சோட உடம்பு முழுக்க ஹைட்ராக்சில்னு சொல்ற கைங்க இருக்கு. 60, 70 டிகிரி சூட்டுல அந்த மாவு மணி ஊதிப் பிரிஞ்சு கைய எல்லாம் விரிக்கும், பேப்பர்ல இருக்கிற செல்லுலோஸ்லயும் அதே மாதிரி கைங்க இருக்கிறதால ரெண்டும் கோத்துக்கும். பிரச்சனை என்னன்னா தண்ணியும் அந்தக் கையத் தான் பிடிக்கும். அதனால தடவும்போது தண்ணில கரையணும், காஞ்சதுக்கப்புறம் கரையவே கூடாது, நடுவுல உள்ளுக்குள்ள ஒரு மாற்றம் நடந்தாகணும். இத புரிஞ்சிக்கவே எனக்கு ரெண்டு மாசம் ஆச்சு. அது வரைக்கும் பசைல எதையாவது கலந்தா சரியாயிடும்னு நெனச்சு எண்ணெய் ஊத்துனேன், மெழுகு போட்டேன், ஒட்டுறதே கொறஞ்சுது. படிகாரம் போட்டா பூஞ்சை வர்றது கொறையுது, ஆனா ஊற வெச்சா பழையபடி கொழகொழன்னு ஆயிடுது. போராக்ஸ் போட்டா நல்லா கெட்டியாகுது, ஆனா அந்தப் பிடிப்பு திரும்ப அவுந்துக்கிற பிடிப்பு.

மரத்துக்கு எனக்கு கை கொடுத்தது சோயா. இது புதுசு இல்ல, 1920கள்லயே அமெரிக்காவுல சியாட்டில் பக்கம் லாக்ஸ் கம்பெனி சோயா மாவுல பிளைவுட் பசை செஞ்சு வித்துருக்காங்க. சோயா புரதம் நூல்கண்டு மாதிரி சுருண்டு கெடக்கும், சுண்ணாம்பு, காஸ்டிக் சோடா மாதிரி காரத்துல போட்டா பிரிஞ்சு நீளமாகும், அப்ப சுண்ணாம்புல இருக்கிற கால்சியம் வந்து நூலுக்கு நூல் முடிச்சு போடும், காஞ்சப்புறம் அந்த முடிச்சு தண்ணிக்கு லேசுல அவுராது. சுண்ணாம்பு மட்டும் போட்டா தண்ணிக்கு நல்லா நிக்கும், ஆனா கிண்ணத்துலயே இறுகிப் போயிடும். காஸ்டிக் சோடா மட்டும் போட்டா ரொம்ப நேரம் இளக்கமா இருக்கும், ஆனா தண்ணிக்கு நிக்காது. அதனால தான் பழைய ஆளுங்க ரெண்டையும் சேத்துருக்காங்க, கூட பசை சீக்கிரம் இறுகாம இருக்க சோடியம் சிலிகேட்.

நான் போடுற அளவு, எல்லாமே கிராம் கணக்கு: எண்ணெய் எடுத்த சோயா மாவு 100 கிராம், தண்ணி 300, சுண்ணாம்புத் தூள் 12 கிராம் (தனியா 25 தண்ணில கரைச்சது), காஸ்டிக் சோடா 7 கிராம் (இதுவும் தனியா கரைச்சது), கடைசியா சோடியம் சிலிகேட் 25. வறுத்த மாவு வேண்டவே வேண்டாம், சூட்டுல புரதம் செத்துப் போயிருக்கும், எவ்ளோ கிண்டுனாலும் மணல் மாதிரி அடில தங்கும், நான் ஒரு பாக்கெட் முழுக்க அப்படி வீணாக்குனேன். சுண்ணாம்புத் தண்ணி விழுந்த உடனே வெளுப்பா இருந்த கரைசல் பளிச்சுன்னு மஞ்சளாகும், கரண்டி கனக்க ஆரம்பிக்கும், காஸ்டிக் ஊத்துனா மறுபடி இளகி தேன் மாதிரி நூலா வடியும், எனக்கு இந்த வேலைலயே ரொம்ப பிடிச்ச நிமிஷம் அது தான். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம் போடுங்க, காஸ்டிக்க தான் தண்ணில போடணும், காஸ்டிக் மேல தண்ணி ஊத்தக் கூடாது, அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது, அரிச்சு ஹைட்ரஜன் வாயு கெளம்பும்.

தடவி, கிளாம்ப் போட்டு இறுக்கி, ஒரு வாரம் சும்மா விட்டுட்டு தான் சோதனை. ஒரு தடவ ஊற வெச்சுப் பாத்து பாஸ்னு சொல்லிடாதீங்க. ஒரு நாள் ஊற வெச்சு, நல்லா காய வெச்சு, திரும்ப ஊற வெச்சு, இப்படி மூணு சுத்து போகணும், ஏன்னா மரம் நார் ஓடுற திசைல அவ்வளவா நீளாது, குறுக்க தான் உப்பும், ஊறி காஞ்சு ஊறி காஞ்சு வரும்போது அந்த இழுவை முழுக்க பசை மேல தான் விழும். மாவுப் பசைல ஒட்டுன துண்டு ஒரு மணி நேரத்துல கைல தனித்தனியா வந்துருச்சு, நடுவுல வெள்ளையா வழவழன்னு ஒரு படலம். சோயாவுல ஒட்டுனத ரெண்டாவது சுத்து முடிஞ்சு உளி வெச்சுப் பிளந்தேன், பாதி இடத்துல பசை விடல, மரம் தான் நார் நாரா கிழிஞ்சு வந்துச்சு. அந்தத் துண்ட இன்னும் மேசை மேல வெச்சிருக்கேன்.

இதுக்கு மேல போனவங்களும் இருக்காங்க. அமெரிக்காவுல ஆரிகான் ஸ்டேட் பல்கலைக்கழகத்துல கைசாங் லி அப்படின்னு ஒரு விஞ்ஞானி, கடல் அலைல பாறைய விடாம பிடிச்சிருக்கிற சிப்பியப் பாத்து, அந்தப் புரதம் மாதிரி சோயாவ மாத்த முடியுமான்னு யோசிச்சு ஒரு பசை கொண்டு வந்தாரு, பிளைவுட் ஃபேக்டரிங்களே அதுக்கு மாறுனாங்க, 2007ல அதுக்கு அமெரிக்க அரசோட பசுமை வேதியியல் விருதும் கெடச்சுது. அதுல கூட சேக்கிற ரெசின் செடிலருந்து வந்தது இல்ல, ஈரத்துல கிழியாத பேப்பர் செய்றதுக்குப் போடுறது, ஆனாலும் ஃபார்மால்டிஹைடு இல்லாம பிளைவுட் வந்தது பெரிய விஷயம். தென்னாப்பிரிக்கால வேல மர ஜாதி பட்டைல எடுக்கிற டானின்ங்கிற துவர்ப்புப் பொருள வெச்சு பல வருஷமா பலகை ஒட்டுறாங்க. ஜப்பான்ல கோதுமை மாவையும் உருஷி மரத்துப் பாலையும் பிசைஞ்சு உடைஞ்ச பாத்திரத்தயே ஒட்டுவாங்க, ஈரக் காத்துல தான் அது இறுகும்ங்கிறது ஆச்சரியம், ஆனா அந்தப் பால் பட்டா தோல் வெந்து போன மாதிரி ஆயிடும், நான் கிட்ட போகல.

பேப்பர் வேற கதை. சாதா பேப்பர் நனைஞ்சா அதோட பலத்துல பத்துல ஒரு பங்கு கூட மிஞ்சாது, அப்புறம் பசை மட்டும் நின்னு என்ன பண்ண? அதனால பேப்பரத் தான் முதல்ல தயார் பண்ணணும். பைன் பிசின பொடிச்சு சலவை சோடாத் தண்ணில காய்ச்சுனா பழுப்பு கலர்ல சோப்பு மாதிரி ஆகும், அத பேப்பர்ல ரெண்டு பக்கமும் தடவி, காஞ்சதும் படிகாரத் தண்ணி தடவுனா பிசின் நாருலயே படிஞ்சு தண்ணிய உள்ள விடாது. இதே பிசினையும் படிகாரத்தயும் பேப்பர் கூழுலயே கலக்குற முறைய 1807ல ஜெர்மனில மோரிட்ஸ் இல்லிக் எழுதி வெச்சாரு, நான் அத மேல தடவுறேன். அதுக்கப்புறம் மாவுப் பசையே போதும், மேல ஆளி விதை எண்ணெய் ஒரு பூச்சு. எண்ணெய் தொடச்ச துணிய சுருட்டிப் போட்டுடாதீங்க, தானா சூடாகி தீப்பிடிக்கும், விரிச்சுக் காய வைங்க. படிகாரம் வருஷக்கணக்குல பேப்பர நொறுங்க வெச்சிடும், அதனால பாதுகாக்க வேண்டிய புத்தகத்துக்கு இந்த வழி வேண்டாம், செடி லேபிளுக்கு ஓகே.

இன்னும் தீராத ஒண்ணு, மண்ணு. ஊறிக் காயுற எடத்துல சோயாப் பசை நிக்குது, எப்பவும் ஈரமா இருக்கிற அடிப்பலகைல ரெண்டே வாரத்துல பசைக் கோட்டு மேல சாம்பல் கலர்ல பூஞ்சை வந்துருச்சு, புரதம் தான அது, பூஞ்சைக்கு சாப்பாடு. இப்போதைக்கு அடிப்பலகைய மட்டும் மரக் குச்சி அடிச்சு மாட்டியிருக்கேன், பக்கப் பலகை நாலுக்கும் சோயா. அதே பசைல டானின் கலந்து ஒட்டுன ரெண்டு துண்ட ஈர மண்ணுல புதைச்சு வெச்சு இன்னியோட ஒம்போது நாள் ஆகுது.