வெள்ளவத்தையில் சாங்கான் நிலா

கரண்ட் போனால்தான் கொழும்பு வெள்ளவத்தையில் நிலா ஒழுங்காகத் தெரியும். நேற்று மொட்டைமாடியில் பிளேன்ரீயோடு நின்றபோது பழைய சீனக் கவிஞர் து ஃபுவின் நினைவு வந்தது.

755இல் தளபதி ஆன் லுஷானின் கலகம் வெடித்து, அடுத்த வருடம் சீனத் தலைநகர் சாங்கான் விழுந்தது. இன்றைய சியான்தான் அது. கலகக்காரரிடம் அகப்பட்ட து ஃபு அந்த நகருக்குள்; மனைவி, பிள்ளைகள் வடக்கே ஃபூசோவில். அப்போது எழுதிய நிலாக் கவிதையில் தன் ஏக்கத்தை அவர் நேராகச் சொல்லவில்லை. மனைவி அங்கே தனியே நிலா பார்ப்பாள், பனியில் கூந்தல் நனையும், சாங்கானை நினைக்கப் பிள்ளைகளுக்கு இன்னும் வயசு காணாது என்கிறார். எட்டே வரி. அதே காலத்துக் கவிஞர் லி பாயின் நிலவைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு இதுதான்.

757 வசந்தத்தில், து ஃபு, வீட்டுக் கடிதம் பத்தாயிரம் பொன் பெறும் என்று எழுதினார். 1990களில் யாழ்ப்பாணத்திலிருந்து அம்மாவின் கடிதம் வர மாதக்கணக்காகும். ஒருமுறை, "கிணத்தடி மாமரம் பூத்திட்டுது" என்று எழுதியிருந்தார். அது என் கைக்கு வந்தபோது மாம்பழக் காலமே முடிந்திருந்தது. பிஸ்கட் டின்னுக்குள் இன்னும் வைத்திருக்கிறேன், மடிப்பில் கிழிந்த இடத்தில் டேப் ஒட்டி.