பட்டியலில் 48, ஏலத்தில் 61

நியூ ஜெர்சியில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில் பத்து வருடத்துக்கும் மேலாக ஒரு ஃபேன்டசி பேஸ்பால் லீக் ஓடுகிறது. 12 அணிகள். அணிக்கு 260 டாலர், கற்பனைப் பணம்தான். அதை வைத்து 14 பேட்டர், 9 பிட்சர் (பந்து எறிபவர்) என 23 பேரை ஏலத்தில் எடுக்க வேண்டும். நிஜ ஆட்டங்களில் அவர்கள் அடிக்கும் ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி), பந்து எறியும் நேரத்தில் ஓடித் திருடும் பேஸ் (ஸ்டீல்), பிட்சர் எடுக்கும் ஸ்ட்ரைக்அவுட் (பேட்டரை அடிக்க விடாமல் அவுட் ஆக்குவது) எல்லாம் நம் கணக்கில் சேரும். பிடித்த சிலரை அடுத்த வருடமும் கீப்பராக வைத்துக்கொள்ளலாம், சம்பளம், அதாவது அவரை எடுத்த விலை, மட்டும் 5 டாலர் ஏறும். ஐபிஎல்லில் தக்கவைக்கிற மாதிரிதானே என்று நினைத்து, 2024 மார்ச்சில், வேலை மாறிப் போன ஒருவரின் அணியை வாங்கிக்கொண்டேன்.

ஆளுக்கு விலை போடும் வேலை எனக்குப் பிடித்துவிட்டது. மொத்தம் 276 பேர், 3,120 டாலர். ஏலத்தில் குறைந்தபட்ச விலை 1 டாலர் என்பதால் தலைக்கு ஒன்று ஒதுக்கினால் மீதி 2,844. அதைப் பிரிப்பதில்தான் சூட்சுமம். 20 ஹோம் ரன் அடிப்பவருக்கு அந்த இருபதுக்கும் காசு கொடுக்கக் கூடாது. யாரும் சீண்டாமல் கிடக்கிறவரே 12 அடிப்பார் என்றால், நாம் கொடுக்கும் காசு மேலே உள்ள 8-க்குத்தான். கேட்சர்களில் (பேட்டருக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிப்பவர்கள்) சும்மா கிடைப்பவர் இன்னும் மோசம், அதனால் சுமாரான கேட்சருக்கும் விலை கூடும். பேட்டர்களுக்கு 70 சதவீதம், பிட்சர்களுக்கு 30 என்று பிரித்தேன். எப்போது காயம்படும் என்று தெரியாத பிட்சரின் முழங்கையை நம்பி யாரும் பெரிதாகப் பணம் போடுவதில்லை. மூன்று ராத்திரி எக்செல்லும் கையுமாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, "வருமான வரியா?" என்று கேட்டாள் மனைவி.

ஏல நாளில் மூன்றாவதாக வந்தது ரொனால்ட் அகூன்யா பெயர். 2023-ல் 41 ஹோம் ரன், 73 ஸ்டீல். என் தாளில் 48 டாலர். 45, 46, 47 என்று ஏறியது. நான் 48 என்றேன். ஒருதரம், ரெண்டுதரம் சொல்வதற்குள் எதிர்ப்பக்கத்திலிருந்து 52. பேனாவை மூடி வைத்துவிட்டேன். 61-க்குப் போனார். எடுத்தவர் ஏமாந்துவிட்டார் என்று உள்ளுக்குள் ஒரு சிரிப்பு வேறு.

அடுத்து வந்த நட்சத்திரங்களும் ஒருவர் விடாமல் என் விலையைத் தாண்டியே போனார்கள். கடைசியில் என் கையில் 31 டாலர் மிச்சம், அதற்கு வாங்க உருப்படியாக ஆள் இல்லை. அந்தப் பணத்தை அடுத்த வருடத்துக்கும் கொண்டுபோக முடியாது.

பக்கத்தில் இருந்த பழைய ஆள் என் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஏலத்துக்கே வராதவர்களையும் சேர்த்து ஏன் விலை போட்டாய்?" என்று கேட்டார். அப்போதுதான் உறைத்தது. இளம் நட்சத்திரம் கன்னர் ஹெண்டர்சனை ஒருவர் 9 டாலருக்குத் தக்கவைத்திருந்தார். அவர் பெறுமானம் அதைப்போல மூன்று மடங்காவது இருக்கும். இப்படி மலிவாக ஆள் வைத்திருப்பவர் கையில் எல்லாம் செலவழிக்காத பணம் தங்கிவிடுகிறது. சரக்கு குறைவு, பணம் அதிகம். விலை ஏறாமல் என்ன செய்யும்?

மே 26 அன்று அகூன்யாவின் முழங்கால் போய், அந்த சீசனே அவருக்கு முடிந்தது. அலுவலகத்தில் நாலு பேர் என் முன்யோசனையைப் பாராட்டினார்கள். கணக்கைத் தப்பாகப் போட்டவனுக்குக் கிடைத்த பாராட்டு, மறுக்காமல் வாங்கிக்கொண்டேன். இன்னொரு அதிர்ஷ்டம், கடைசிச் சுற்றில் 1 டாலருக்கு எடுத்த ஜாக்சன் மெரில். இருபது வயதுப் பையன், அறிமுக சீசனிலேயே 24 ஹோம் ரன்.

2025-ல் மெரிலை 6 டாலருக்கு வைத்துக்கொண்டு, கணக்கைத் திருத்திப் போட்டேன். லீக் முழுக்கக் கீப்பர்களின் சம்பளம் 540, அவர்களின் பெறுமானம் 1,020. மீதிப் பணம் 2,580, மீதிச் சரக்கு 2,100. வகுத்தால் 1.23. அதாவது, பட்டியலில் 34 என்றால் கிட்டத்தட்ட 42 வரை போகலாம். இந்த ஏற்றம் எல்லார் மேலும் சமமாக விழுவதில்லை என்பது ஏலத்தில் தெரிந்தது. 1 டாலர் ஆள் 1 டாலராகவே இருப்பார், உபரிப் பணமெல்லாம் உச்சியில் இருப்பவர்கள் மேல்தான் கொட்டும்.

சம்பளம் ஏறிப்போனதால் ஒருவர் கைவிட்டிருந்த கார்பின் கேரலுக்கு 34 போட்டிருந்தேன். 41 வரை விடாமல் கேட்டு எடுத்தேன், கை கொஞ்சம் நடுங்கியது. அந்த வருடம் அவர் 31 ஹோம் ரன், 32 ஸ்டீல். லீக்கில் எனக்கு நான்காம் இடம். ஒன்பதிலிருந்து வந்தது.

இப்போது கேரலுக்கு 46 டாலர் சம்பளம். என் புதிய தாளில் அவர் 40. பார்த்த பார்வைக்கு நஷ்டம், ஆனால் 1.23 திரும்ப வந்தால் 49, அப்போது 3 டாலர் லாபம். மற்ற 11 பேரும் யாரை விடப்போகிறார்கள் என்று தெரிந்தால்தான் அந்த 1.23 வரும். அவர்களும் என்னிடம் கேரலை வைப்பாயா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள். இன்னும் முடிவு செய்யவில்லை என்றுதான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.