எடுத்துக்கொடுக்கக் கூடாது

முதல் நாள் ஆசிரியர் ஒரு பை நிறைய வண்ணக் குச்சிகளை மேசையில் கொட்டினார். ஒன்றை உயர்த்திக் காட்டி "ராக்காவ்" என்றார். குச்சி. சிவப்பென்றால் ராக்காவ் ஃபெரோ, பச்சையென்றால் ராக்காவ் காக்காரிக்கி. மாலை வரை அறைக்குள் ஒரு வார்த்தை ஆங்கிலம் கிடையாது. முப்பத்தைந்து வயதில் மறுபடி பால்வாடியில் கொண்டுவந்து விட்ட மாதிரி இருந்தது.

நியூசிலாந்தின் ஹாமில்டனில், அந்நாட்டுப் பூர்வகுடிகளின் மொழியான மாவோரியை மாவோரியிலேயே கற்றுக்கொடுக்கும் பல்கலைக்கழக வகுப்பு அது. இந்தக் குச்சி முறைக்கு தே அத்தாரங்கி என்று பெயர். 1970களின் இறுதியில் கேத்தரினா மத்தாயிரா, ஙோயி பேஃபைராங்கி என்ற இரண்டு பெண்கள் உருவாக்கியது. ஆங்கிலம் பேசாதே என்பது முதல் விதி. எனக்கு அது பெரிய சிரமமாக இல்லை. பக்கத்தில் தடுமாறுகிறவருக்கு எடுத்துக்கொடுக்கக் கூடாது என்று இன்னொரு விதி இருந்தது. அதுதான் படுத்தியது.

காரணம், தமிழ் என்னை முன்னால் தள்ளிவிட்டிருந்தது. மற்றவர்கள் மண்டையை உடைத்துக்கொண்ட தாத்தோ, மாத்தோ எனக்கு ஒரு நிமிட வேலை: நாம், நாங்கள். குறில் நெடிலும் அப்படித்தான். கெக்கெ என்றால் கேக், கேக்கே என்றால் அக்குள். டீ நேரத்தில் யாரோ அக்குளில் இன்னொரு துண்டு கேட்டார்கள். சொல்லின் முதலில் வரும் ங-வுக்கு வகுப்பே திணறியது. அரிச்சுவடியோடு நான் மறந்துபோன எழுத்துக்கு அங்கே தினமும் வேலை இருந்தது.

என்னையும் கவிழ்த்தது 'என்னுடைய'. என் சாப்பாட்டுக்கு தாக்கு, என் தண்ணீருக்கு தோக்கு. பிள்ளைக்கு தாக்கு, அம்மாவுக்கு தோக்கு. நம் பொறுப்பில், நம் கைக்கு அடங்கி இருப்பதற்கு ஒன்று, நம்மைத் தாங்குவதற்கு மற்றொன்று என்று தோராயமாகப் பிடித்துக்கொண்டேன். அப்படியும் இரண்டு மாதம் என் அம்மாவை எனக்குப் பிள்ளையாக்கிக்கொண்டிருந்தேன்.

என் பக்கத்தில் ஐம்பது தாண்டிய ஒரு மாவோரி அக்கா உட்கார்ந்திருந்தார். ஒருநாள் மாத்தோ வரவேண்டிய இடத்தில் அவர் நின்றுவிட்டார். நான் மெல்ல "மாத்தோ" என்றேன். ஆசிரியர் குச்சியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். திட்டவில்லை. அக்கா அன்றைக்கு அப்புறம் வாயே திறக்கவில்லை.

சாயங்காலம் கார் நிறுத்துமிடத்தில் மன்னிப்புக் கேட்டேன். அங்கே ஆங்கிலத்துக்குத் தடையில்லை. "பள்ளிக்கூடத்தில் மாவோரி பேசினதுக்காக என் பாட்டி பிரம்படி வாங்கினவங்க. அதனால பிள்ளைகள்கிட்ட ஒரு வார்த்தை பேசலை. எனக்கு வாயைத் திறக்கும்போதே யாரோ பிரம்போட பின்னால நிக்கிற மாதிரி இருக்கு. நீ சொல்லிக்கொடுத்தா அவங்கதான் வந்துட்டாங்கன்னு தோணுது" என்றார். மாவோரி ஆட்சிமொழியானது 1987-இல்தான். பாட்டி அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்.

ஆண்டுக் கடைசியில் ஒரு மராயேயில், அதாவது மாவோரிகள் கூடும் பொது இடத்தில், இரவுத் தங்கல். சுவரோரம் வரிசையாக மெத்தைகள். தலையணை மேல் உட்காரக் கூடாது, தலை புனிதமானது. ஒவ்வொருவராக எழுந்து தன் மலை, தன் ஆறு, தன் மக்கள் என்று சொல்லவேண்டும். நான் பொதிகையையும் தாமிரபரணியையும் சொல்லி உட்கார்ந்தேன். அக்கா எழுந்தார். மலையின் பெயரைச் சொன்னார். அப்புறம் நின்றுபோனது.

தகரக் கூரையில் மழை விழுகிற சத்தம் மட்டும். நாற்பது பேரில் ஒருவர் கூட அசையவில்லை. அந்த ஆற்றின் பெயர் எனக்கும் தெரியும், கடித்த உதட்டை விடவில்லை. ரொம்ப நேரம் கழித்து அவரே சொன்னார். அதற்குப் பின் தங்குதடையில்லை, பாட்டியின் பெயர் வரைக்கும் போனார்.

பேசி முடித்தவருக்குத் துணையாக எல்லாரும் எழுந்து பாடுவது அங்கே வழக்கம். பாடத் தொடங்கினோம். இரண்டாவது வரி எனக்கு மறந்துவிட்டது. விலாவில் ஒரு முழங்கை இடித்தது. அக்கா நேராகப் பார்த்தபடியே அந்த வரியை என் காதுப் பக்கம் கொஞ்சம் உரக்கப் பாடினார்.