அத்தானின் 40 லட்சமும் கொஞ்சம் நுரையும்

நான் எட்டு வருஷம் நாசிக் பக்கம் திண்டோரியில் வேலை பார்த்தேன். என்ன வேலை என்று சபையில் யாராவது கேட்டால் அம்மா, "திராட்சைக் கம்பெனியில லேப்ல இருக்கான்" என்பாள். பொய் இல்லை. திராட்சையும் உண்மை, லேபும் உண்மை. நடுவில் வைன் என்ற ஒரு சொல்லை மட்டும் விழுங்கிவிடுவாள். கன்னியாகுமரி மாவட்டம் கருங்கலுக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் டிசம்பர் வந்தால் பல வீடுகளில் பீங்கான் பரணிக்குள் பன்னீர் திராட்சையும் சர்க்கரையும் ஊறிக்கொண்டிருக்கும். அது கேக்கோடு கொடுக்கிற பண்டம், அதற்குக் கணக்கு வேறு. சட்டம் அதைப்பற்றி என்ன சொல்கிறது என்று தயவுசெய்து யாரும் எங்கள் அம்மாவிடம் கேட்டுவைக்காதீர்கள். நான் பார்த்ததுதான் "குடிக் கம்பெனி" வேலை.

போன கிறிஸ்துமஸுக்கு அக்காவும் அத்தானும் வந்திருந்தார்கள். அத்தான் சரக்குக் கப்பலில் இஞ்சினியர். 22 வருஷம் கடலில் போய்விட்டது, இனி கரையில் ஏதாவது பார்க்கலாம் என்று மனம் அலைகிற வயசு. சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்ததும் ஆரம்பித்தார்.

"டே மக்கா, கையில ஒரு நாப்பது லட்சம் இருக்கு. இந்த நொரை வர்ற வைன் நாமளே போட்டா என்ன? வேல தெரிஞ்ச ஆளு நீ வீட்டிலேயே இருக்கியே."

அத்தானுக்குப் பதில் சொல்ல எனக்கு இரண்டு சாயங்காலம் ஆயிற்று. சொன்னதில் பாதியை அவர் கேட்கவில்லை, பிள்ளைகள் பட்டாசு வெடித்துக்கொண்டிருந்தார்கள். அதனால் இங்கே எழுதிவைக்கிறேன்.

எங்கள் தாத்தா பனையேறி. கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவிக் கட்டினால் இறங்குவது அக்கானி. மற்ற ஊர்களில் பதநீர் என்பார்கள். சுண்ணாம்பு குறைந்துபோன நாளில், மதியத்துக்குள் கலயத்தின் வாயில் நுரை கட்டிவிடும். முகர்ந்து பார்த்துவிட்டுத் தாத்தா பேசாமல் வாழை மூட்டில் கொட்டுவார். 1987 ஜனவரி ஒன்றாம் தேதியோடு தமிழ்நாட்டில் கள்ளை நிறுத்தியாயிற்று, நுரைத்த கலயத்தைக் கையில் வைத்துக்கொண்டு போலீஸ்காரருக்கு யார் பதில் சொல்வது? பி.எஸ்சி. கெமிஸ்ட்ரியில் நொதித்தல் பாடம் வந்தபோது எனக்குப் புதிதாக ஒன்றும் இல்லை. ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் விடுகிறது. சுண்ணாம்பு அதன் வாயைக் கட்டுகிறது.

திறந்த கலயத்தில் அந்த வாயு பறந்துபோகும். இறுக்கி மூடினால் போக வழியில்லாமல் திரவத்துக்குள்ளேயே கரைந்து கிடக்கும். ஷாம்பெயினின் அடிப்படை அதுதான். மிச்ச வேலையெல்லாம் பாட்டில் வெடிக்காமல் பார்த்துக்கொள்வது.

வெடிப்பது எப்படி என்று எங்கள் வீட்டில் ஒரு தடவை பார்த்தாயிற்று. நான் பிளஸ் டூ படிக்கும்போது, ஊறல் முழுதும் அடங்குவதற்கு முன்னாலேயே அக்கா அவசரப்பட்டு அதை வடிகட்டி ஸ்குவாஷ் பாட்டில்களில் ஊற்றி இறுக்கிவிட்டாள். ராத்திரி இரண்டு மணிக்கு அடுக்களையில் ஒரு சத்தம். அப்பா கள்ளன் என்று நினைத்து வெட்டுகத்தியோடு ஓடினார். சுவரெல்லாம் சிவப்பு. அம்மா விளக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு, முதலில் அக்காவின் முகத்தைத்தான் தடவிப் பார்த்தாள்.

பிரான்சிலும் ஆரம்பத்தில் இதே கதைதான். ஒரு பாட்டில் வெடித்தால் பக்கத்துப் பாட்டில்களும் சேர்ந்து போகும். நிலவறையில் இரும்பு முகமூடி போட்டுக்கொண்டு நடந்திருக்கிறார்கள். சர்க்கரை சேர்த்தால் வைன் நுரைக்கும் என்று கிறிஸ்டோபர் மெரெட் என்ற ஆங்கிலேயர் 1662-லேயே லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். எவ்வளவு சர்க்கரை என்பதுதான் தெரியாமல் இருந்தது. 1830-களில் பிரான்சுவா என்ற மருந்துக்கடைக்காரர் அதை அளந்து கணக்குப் போட்டுக் கொடுத்த பிறகே வெடிப்பு குறைய ஆரம்பித்தது. இந்தத் தொழிலில் எனக்குப் பிடித்த ஆள் அவர்தான். ஷாம்பெயினைக் கண்டுபிடித்ததாகச் சொல்லப்படும் சாமியார் தோம் பெரிஞ்ஞோன், "நட்சத்திரங்களைக் குடிக்கிறேன்" என்று கூவிய கதையை விளம்பரக்காரர்கள் வைத்துக்கொள்ளட்டும்.

திண்டோரியில் நாங்கள் செய்ததும் அந்தக் கணக்குதான். குளிர் விடுவதற்குள், மற்ற வைனுக்குப் பறிப்பதற்கு முன்னாலேயே திராட்சையைப் பறித்துவிடுவோம். செனின் பிளாங்க் என்ற வெள்ளைத் திராட்சைதான் அதிகம். இனிப்பு ஏறுவதற்கு முன், புளிப்பு இறங்குவதற்கு முன். அதிலிருந்து வருகிற முதல் வைனைக் குடித்தால் பல் கூசும். பிறகு லிட்டருக்கு 24 கிராம் சர்க்கரையும் ஈஸ்டும் சேர்த்துப் பாட்டிலில் ஊற்றி, சோடா பாட்டிலுக்குப் போடுகிற அதே தகர மூடியைப் போட்டுப் படுக்கவைப்போம். உள்ளே அழுத்தம் ஆறு பார் வரை ஏறும். கார் டயரில் இருப்பது இரண்டு பாருக்குக் கொஞ்சம் மேலே. அதனால்தான் காலி பாட்டிலே முக்கால் கிலோவுக்கு மேல் கனக்கும். ஊற்றுகிற வைனைவிடக் கண்ணாடி அதிக எடை.

அப்புறம் காத்திருப்பு. தின்று முடித்த ஈஸ்ட் செத்து அடியில் படியும். அந்த மண்டியோடு கிடக்கக் கிடக்கத்தான் ரொட்டி சுட்டதுபோல ஒரு வாசனை ஏறும். ஷாம்பெயின் மாகாணத்தில் சாதாரண பாட்டிலுக்கே குறைந்தது 15 மாதம், அறுவடை வருஷத்தை லேபிளில் போட்ட பாட்டிலுக்கு மூன்று வருஷம் என்று விதி. பிறகு பாட்டிலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் தலைகீழாக்கி மண்டியைக் கழுத்துக்கு இறக்கவேண்டும். 1816 வாக்கில் ஷாம்பெயின் வியாபாரம் நடத்திய விதவை கிளிக்கோவின் நிலவறையில் துளைபோட்ட பலகையில் செருகிச் செய்த வேலை அது. கையால் என்றால் வாரக்கணக்கில் ஆகும். எங்களிடம் இரும்புக் கூண்டு எந்திரம் இருந்தது, ஒரு கூண்டில் 504 பாட்டில், ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடும். கடைசியில் கழுத்தை மட்டும் உறைய வைத்து மூடியைத் திறந்தால், மண்டி பனிக்கட்டித் துண்டாகப் பாய்ந்து வெளியே வந்து விழும். வெளியே போன அளவுக்குச் சர்க்கரைக் கரைசலோடு வைன் ஊற்றி, கார்க் அடித்து, கம்பி முறுக்கவேண்டும்.

என் இடது புருவத்துக்கு மேலே ஒரு தழும்பு உண்டு. மே மாதம், முகமூடிக்குள் வேர்வை கண்ணில் இறங்குகிறது என்று ஒரு நிமிஷம் தூக்கிவிட்டேன். சரியாக அந்த நிமிஷம். ஆறு தையல். கம்பெனி ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுத்தது, வராத ஒன்பது நாளை லீவில் கழித்துக்கொண்டது. அம்மாவிடம் பைக்கிலிருந்து விழுந்தேன் என்று சொல்லியிருக்கிறேன். அவள் இதைப் படிக்கமாட்டாள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

சரி, அத்தானின் 40 லட்சம்.

முதலில் திராட்சை. நம் மாவட்டத்துக்கு இரண்டு மழையும் உண்டு. ரப்பருக்கும் வாழைக்கும் அது வரம், திராட்சைக்குப் பூஞ்சை. தேனியில் கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சை அமோகமாக விளைகிறது. தின்ன, ஜூஸ் போட, அம்மாவின் பரணிக்கு எல்லாம் அது நல்லது. நுரை வைனுக்கு அது கொண்டுவருகிற வாசனை ரொம்ப அதிகம், ரோஜா ஷர்பத் மாதிரி ஆகிவிடும் என்பது என் நாக்கின் கருத்து. வேறு நாக்குகள் மாறிச் சொல்லலாம்.

அடுத்தது, தூங்குகிற பணம். எங்கள் மாமா ஒருவர் சீசனில் கருப்பட்டி வாங்கிப் பரணில் அடுக்கி, ஐப்பசி கார்த்திகை மழையில் விலை ஏறும்போது விற்பார். அவர் பணம் ஆறு மாதம் தூங்கும். அதற்கே மாமி, "மழை ஒழுகிச்சுண்ணா எல்லாம் பாகாயிரும்" என்று ராத்திரி எழுந்து ஓட்டைப் பார்ப்பாள். இங்கே பாட்டிலுக்கு 300 ரூபாய் அடக்கம் என்று வைத்து பத்தாயிரம் பாட்டில் போட்டால் 30 லட்சம். முதல் பாட்டில் வெளியே போக ஒன்றரை வருஷம். பத்து சதவீத வட்டி என்றாலும் நாலரை லட்சம் படுத்தபடியே போய்விடும். தொட்டி, எந்திரம், நிலம், கரண்டு எதுவும் இந்தக் கணக்கில் வரவில்லை. பாட்டிலுக்குப் பதில் பெரிய எஃகுத் தொட்டியிலேயே நுரைக்க வைக்கிற வழி ஒன்று உண்டு. மார்ட்டினோட்டி என்ற இத்தாலியர் 1895-ல் கண்டுபிடித்தது, சார்மா என்ற பிரெஞ்சுக்காரர் 1907-ல் திருத்தியது. இத்தாலியின் பிராசெக்கோ பெரும்பாலும் அப்படித்தான். காலம் மாதக்கணக்கில் சுருங்கும். ஆனால் ஆறு பார் தாங்குகிற தொட்டியின் விலையைக் கேட்டால் அத்தான் மறுபடி கப்பல் ஏறிவிடுவார்.

"சரி, போட்டாச்சுண்ணு வை. விக்கிறது எங்க?" என்றார். அவர் முதலிலேயே கேட்டிருக்கவேண்டிய கேள்வி அதுவாக்கும்.

தமிழ்நாட்டில் 2003 நவம்பரிலிருந்து சில்லறைக் கடை என்றால் டாஸ்மாக் மட்டும்தான். வாங்குகிற ஆள் ஒரே ஆள் என்றால், விலை பேச உனக்கு வாய் கிடையாது. பக்கத்தில் களியக்காவிளை தாண்டினால் கேரளா, அங்கேயும் அரசாங்கம்தான் பெரிய வியாபாரி. இன்னொரு மாநிலத்துக்குப் போனால் ஒவ்வொரு லேபிளுக்கும் புதிதாகப் பதிவு, புதிதாகக் கட்டணம். குடிக்கிற மது ஜி.எஸ்.டி.க்குள் வராது, ஆனால் அதை அடைக்கிற கண்ணாடி பாட்டிலுக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. கட்டவேண்டும். கட்டியதைக் கழித்துக்கொள்ள வழியில்லை. இதைச் சொன்னபோதுதான் அத்தான் முதன்முறையாக நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். கப்பல் இஞ்சினியருக்கு அழுத்தக் கணக்கைவிட வரிக் கணக்கு உறைத்தது.

"அப்ப ஷேர் வாங்கலாமா?" என்றார் மறுநாள்.

அவருக்கு நான் இரண்டு கதை சொன்னேன். புனே பக்கம் நாராயண்காவில் இன்டேஜ் என்று ஒரு கம்பெனி. பிரெஞ்சுக்காரர்களின் துணையோடு 1980-களிலேயே நுரை வைன் போட்டு, ஓமர் கய்யாம் என்ற பேரில் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்தார்கள். இந்தியா வைன் போடும் என்று யாரும் நம்பாத காலம். கடன் வாங்கி வெளிநாட்டுக் கம்பெனிகளாக வாங்கித் தள்ளி, 2008 நெருக்கடிக்குப் பிறகு மூழ்கிப்போனது. இன்னொன்று சூலா. 2022 டிசம்பரில் 357 ரூபாய்க்குப் பங்கு வெளியிட்டார்கள். அது முழுக்கப் பழைய பங்குதாரர்கள் தங்கள் பங்கை விற்றது, கம்பெனிக்குள் ஒரு ரூபாய் போகவில்லை. ஒரு வருஷம் கழித்து விலை 700-ஐத் தொடப் பார்த்தது. 2025-ல் வெளியீட்டு விலைக்குக் கீழே கிடந்தது. நல்ல வைன், நல்ல கூட்டம், தோட்டத்தில் திருவிழா எல்லாம் உண்டு. அதற்கும் பங்கு விலைக்கும் நான் முடிச்சுப் போடமாட்டேன். நான் வாங்கவில்லை. புத்திசாலித்தனம் என்று நினைக்கவேண்டாம், அந்த மாதம் வீட்டுக்கு ஓடு மாற்றினோம்.

அத்தான் வரும்போது ஏதோ துறைமுகத்தில் வாங்கிய ஒரு ஷாம்பெயின் பாட்டில் கொண்டுவந்திருந்தார். 26-ஆம் தேதி ராத்திரி அதைத் திறந்தோம். டி.வி.யில் பார்த்ததுபோலக் குலுக்கப் போனவரைப் பிடித்து நிறுத்தினேன். நன்றாகக் குளிர்ந்திருக்கவேண்டும், கம்பியை ஆறு அரைச்சுற்று தளர்த்தவேண்டும், கார்க்கை அமுக்கிப் பிடித்துக்கொண்டு பாட்டிலைத்தான் திருப்பவேண்டும். சத்தம் வராமல் ஒரு பெருமூச்சு போல வாயு வெளியேறினால் வேலை தெரிந்தவன் திறந்தான் என்று அர்த்தம். எட்டு வருஷத்தில் நான் சம்பாதித்த ஒரே பகட்டு அது. அத்தானுக்குத்தான் ஏமாற்றம்.

அம்மா அடுக்களை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா எவர்சில்வர் டம்ளரில் ஒரு விரல்கடை ஊற்றி நீட்டினாள். வேண்டாம் வேண்டாம் என்று வாங்கி, நாக்கில் வைத்து, "புளிச்ச சோடா மாதிரியில்ல இருக்கு. இதுக்கா எட்டு வருஷம் போன?" என்றாள்.

போன வாரம் சிங்கப்பூர் துறைமுகத்திலிருந்து அத்தான் போன் பண்ணினார். கம்பம் பக்கம் மூன்று ஏக்கர் திராட்சைத் தோட்டம் விலைக்கு வருகிறதாம், கிணறு உண்டாம், ஜூஸ் மட்டும் போட்டால் லைசென்ஸ் தொல்லை இல்லையே என்கிறார். ஜூஸ் தானே அத்தான், பார்ப்போம் என்றேன். சனிக்கிழமை காலை நாகர்கோவிலில் பஸ் ஏறுகிறேன். பையில் சர்க்கரை அளக்கிற பழைய ரிஃப்ராக்டோமீட்டரைத் தேடி எடுத்து வைத்திருக்கிறேன்.