சிபாப் போட்டுக் கண் அசரும்போது தொண்டையில் 'டக்'

தூக்கத்தில் மூச்சு தடைபடுபவர்களுக்குக் காற்றை அழுத்திக் கொடுக்கும் சிபாப் மெஷினின் மாஸ்க்கை மாட்டிக் கண் சொருகும் நேரத்தில் தொண்டைக்குள் ஏதோ மூடித் திறக்கிற மாதிரி இருக்கிறதா? பெரும்பாலும் மெஷின் கோளாறு இல்லை. தூக்கம் பிடிக்கையில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மென்னண்ணம் (மேல்வாயின் பின்பக்க மென்பகுதி) பின்னால் சரியும். அந்த நேரத்தில் காற்றழுத்தம் போதாவிட்டால் இப்படி இருக்கும்.

முதலில் ரேம்ப்பை, அதாவது குறைந்த அழுத்தத்தில் தொடங்கி மெல்ல ஏற்றும் வசதியைப் பாருங்கள். பல மெஷின்களில் அது 4 செ.மீ. நீரழுத்தத்தில் தொடங்கும், பெரியவர்கள் பலருக்கு மூச்சு முட்டும். 6 அல்லது 7-ல் தொடங்கினால் நிறையப் பேருக்கு அடங்கிவிடும். அடுத்து, மூச்சை விடும்போது அழுத்தத்தைக் குறைக்கும் வசதி. ரெஸ்மெட் மெஷினில் இ.பி.ஆர். எனப்படும் இந்த வசதியை 3-ல் வைத்தால், 8 என்பது வெளிமூச்சில் 5 ஆகிவிடும். சொகுசுக்கு வைத்ததே வினை!

கன்னம் உப்பி உதடு வழியே 'புஃப்' என்று காற்று போனால் வாய்க்கசிவு. விழுங்கிக்கொண்டே இருந்து ஏப்பமும் உப்பசமும் வந்தால் காற்று உணவுக்குழாய்க்குள் இறங்குகிறது. அழுத்தத்தை ஏற்றினால் இது இன்னும் மோசமாகும். தொண்டை காய்ந்து அரித்தால், காற்றை ஈரமாக்கும் ஹியூமிடிஃபையரை ஒரு படி கூட்டுங்கள். உயரத் தலையணை தாடையை மார்போடு மடக்கும், அதை மாற்றுங்கள்.

அழுத்த எண்ணில் கை வைக்கும் முன், மெஷினின் எஸ்டி கார்டில் பதிவான தரவை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.