ஏழு என்றொரு எழுத்து

கனடாவின் காம்லூப்ஸ் நகரில் படிக்கும் என் பெறாமகள் சென்ற மாதம் ஒரு பெயர்ப்பலகையின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "பெரியம்மா, சொல்லுக்கு நடுவில் ஏன் 7 நிற்கிறது?" என்று கேட்டிருந்தாள். அச்சுப்பிழை என்றுதான் முதலில் நினைத்தேன். தேடிப் பார்த்தபோதுதான், பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் உட்பகுதியில் வாழும் ஷுஷ்வாப் என்னும் பழங்குடி மக்களின் மொழியில் 7 என்பது ஓர் எழுத்து என்பதும், தொண்டையை ஒரு கணம் அடைத்துத் திறக்கும் ஒலியை அது குறிக்கிறது என்பதும் தெரிந்தன. அம்மொழியில் பாட்டியை 'க்யே7எ' என்பார்கள். நாய் என்னும் சொல்லில் ஒரு மெய்யொலியை இரட்டித்தால் அது சிறிய நாயைக் குறிக்கும் சொல்லாகிவிடும். காம்லூப்ஸ் என்ற பெயரே, இரு ஆறுகள் கூடுமிடம் என்ற பொருளுடைய அவர்களது சொல்லின் திரிபுதான்.

சில ஆண்டுகளுக்கு முந்தைய கணக்கின்படி, இம்மொழியைச் சரளமாகப் பேசுவோர் ஏறத்தாழ 200 பேர் மட்டுமே. அவர்களிலும் பெரும்பாலானோர் முதியவர்கள். 1862 இல் பரவிய பெரியம்மை ஊர் ஊராக மக்களைக் கொண்டுபோனது உண்மையே. ஆயினும் பிழைத்தவர்களின் வாயிலிருந்து மொழியைப் பிடுங்கியது பாடசாலைதான் என்பது என் எண்ணம். காம்லூப்ஸில் 1890 இலிருந்து 1978 வரை பழங்குடிப் பிள்ளைகளுக்கென இயங்கிய வதிவிடப் பாடசாலை, பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வைத்துத் தாய்மொழி பேசியதற்காகத் தண்டித்தது. அப்படி வளர்ந்தவர்கள், தம் பிள்ளைகளுக்கும் அந்த அடி விழக்கூடாதென்று வீட்டில் ஆங்கிலத்தையே பேசியதில் நாம் என்ன குறை காண முடியும்?

ஒல்லாந்து மொழியியலாளர் ஆர்ட் கைப்பர்ஸ் 1974 இல் இம்மொழிக்கு இலக்கணமும் அகராதியும் வெளியிட்டார். அது பெரும்பணி, எனினும் அகராதியைப் படித்து எந்தக் குழந்தையும் பேசத் தொடங்குவதில்லை. அதை உணர்ந்த பெற்றோர் சிலர், நியூசிலாந்தின் மாவோரி மக்களின் 'மொழிக்கூடு' முறையைப் பின்பற்றி, முதியவர்களின் பேச்சைக் கேட்டே சிறுவர்கள் வளரும் ஏற்பாட்டைத் தொடங்கினர். அதன் தொடர்ச்சியாக 1991 இல் சேஸ் என்ற ஊருக்கருகே அமைந்த சீஃப் அட்டாம் பாடசாலையில் இன்றும் அம்மொழியிலேயே பாடம் நடக்கிறது. பறித்ததும் பாடசாலை, திருப்பித் தர முயல்வதும் பாடசாலை.

கொழும்பின் வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியின் கீழ்வீட்டில், "சாப்பிட்டியோ ராசா?" என்று அம்மம்மா கேட்க, பேரன் ஆங்கிலத்தில் பதில் சொல்வது நாள்தோறும் என் காதில் விழுகிறது. கோடிக்கணக்கானோர் பேசும் தமிழை அந்த 200 பேரின் மொழியோடு ஒப்பிடுவது நியாயமில்லை என்பதை நான் அறிவேன். இருந்தும், படியேறும்போது கால் சற்றுத் தயங்கத்தான் செய்கிறது.

நேற்றிரவு பெறாமகள் 'க்யே7எ' என்று பழகிப் பழகிப் பதிவுசெய்த குரலை அனுப்பியிருந்தாள். அதை நான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தபோது, பக்கத்துக் கட்டிலில் கண்மூடிப் படுத்திருந்த அம்மா, "பிள்ளைக்கு விக்கல்போல கிடக்கு, தண்ணி குடிக்கச் சொல்லு" என்றார்.