ஒரு போன், 40 அட்டை: வகுப்பில் பிளிக்கர்ஸ்

பிள்ளைகள் கையில் போன் இல்லாத வகுப்பில் கஹூட் (பிள்ளைகள் அவரவர் கருவியில் விடையளிக்கும் வினாடி வினாச் செயலி) எடுபடாது. பிளிக்கர்ஸ் எடுபடும்: பிள்ளைகள் தூக்கிக் காட்டும் அட்டைகளை ஆசிரியரின் போன் கேமராவில் ஸ்கேன் செய்து விடைகளைப் பதியும் செயலி இது. ஆசிரியரிடம் ஒரு போன், இன்டர்நெட், ஆளுக்கொரு காகித அட்டை. புரொஜெக்டர் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் கேள்வியைக் கரும்பலகையில் எழுதிப்போட்டாலும் நடக்கும்.

அட்டையில் கியூஆர் கோடு போல ஒரு கறுப்பு உருவம், நான்கு பக்கமும் ஏ, பி, சி, டி என்று பொடி எழுத்து. விடைக்கான எழுத்து மேலே வரும்படி பிடிக்க வேண்டும். அட்டைக்கு அட்டை உருவம் மாறுவதால் பக்கத்து அட்டையைப் பார்த்துக் காப்பியடிக்க வழியில்லை.

அட்டைகளை அவர்கள் தளத்திலிருந்தே இலவசமாக இறக்கலாம். 40 அட்டை கொண்ட செட்டுக்கு, பக்கத்துக்கு இரண்டு வீதம், 20 தாள். வகுப்பு பெரிதென்றால் 63 அட்டை செட். வருகைப் பதிவேட்டு வரிசை எண்ணையே அட்டை எண்ணாகக் கொடுத்துவிட்டால் ஒரே செட்டை எல்லா வகுப்புக்கும் சுற்றலாம்.

லேமினேஷன் செய்யாதீர்கள். பளபளப்பில் ட்யூப்லைட் வெளிச்சம் பட்டுத் தெறித்தால் கேமராவுக்கு உருவம் தெரியாது. கெட்டித் தாளில் அச்சடித்தாலே போதும். உருவத்தைச் சுற்றியுள்ள வெள்ளை ஓரத்தை வெட்டிவிடவும் கூடாது.

ஸ்கேன் சிக்கினால் பெரும்பாலும் காரணம் விரல்தான். கறுப்பின் மேல் விரல் பட்டால் அந்த அட்டை பதிவாகாது. அடுத்தது ஜன்னல். பிள்ளைகளுக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால் அட்டை இருட்டாகத் தெரியும்; உங்கள் முதுகு ஜன்னல் பக்கம் இருக்கும்படி நின்றுகொண்டு, ஒரு மூலையிலிருந்து மெதுவாகப் போனை நகர்த்துங்கள். இன்னொன்று: வசதிக்காகச் சில பிள்ளைகள் அட்டையின் பின்புறம் எழுத்தைப் பெரிதாக எழுதிக்கொள்வார்கள். பின் பெஞ்சுக்கு அது விடைத்தாள்!

கேள்விகளைச் செயலியில் ஏற்றும்போது பழைய வினாத்தாளை அப்படியே ஒட்டினால் தமிழ் கோணல்மாணலாக வரும். பாமினி, வானவில் போன்ற யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் அடித்த கோப்பு அது. யூனிகோடுக்கு மாற்றிவிட்டுத்தான் ஒட்ட வேண்டும்.

இத்தனையும் கருவி பற்றிய சங்கதி. உண்மையான உழைப்பு தவறான விடைகளைத் தேர்வதில் இருக்கிறது. 1/2 + 1/3 என்ற கணக்குக்கு 7, 12, 100 என்று வாய்க்கு வந்ததைப் போட்டால் ஒன்றும் தெரியவராது. 2/5 என்று போடுங்கள்: மேலும் கீழும் தனித்தனியாகக் கூட்டியவர்கள் அதில் விழுவார்கள். 2/6: பொதுப் பகுதி கண்டுபிடித்துவிட்டுத் தொகுதியை மாற்றாதவர்கள். 1/6: கூட்டலுக்குப் பதில் பெருக்கியவர்கள். மீதி ஒன்று 5/6. இப்போது போன் திரையே யாருக்கு எதைத் திரும்பச் சொல்ல வேண்டும் என்று காட்டிவிடும்.

முடிவு வந்ததும் விடையை உடைத்துச் சொல்லிவிடாதீர்கள். ஹார்வர்டில் இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1991இல் தொடங்கிய முறை இங்கே கைகொடுக்கும்: சரியாகச் சொன்னவர்கள் சுமார் 30 முதல் 70 விழுக்காட்டுக்குள் இருந்தால், பக்கத்தில் இருப்பவரோடு இரண்டு நிமிடம் வாதாட விட்டு, அதே கேள்விக்கு மறுபடி அட்டை தூக்கச் சொல்வது. 30க்குக் கீழே என்றால் வாதாட ஆள் இருக்காது, பாடத்தையே திரும்ப நடத்த வேண்டியதுதான். ஒரு பாடவேளைக்கு இப்படி மூன்று கேள்வி தாராளம்.

அட்டை தொலைந்தால் அந்த எண்ணுள்ள பக்கத்தை மட்டும் மறுபடி அச்சடியுங்கள். அன்று வராத பிள்ளையின் அட்டையை இரவல் கொடுத்தால் விடை அந்தப் பிள்ளையின் பெயரில் ஏறிவிடும்.